அண்ணே, தமிழா?

முகம்மது ரிபாய் கெட்டவனில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை முடிந்த பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கீழக்கரையில் இருக்கும் உம்மாவுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்கிறவன். ரமலான் வந்தால் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்ற நிற்கிறவன். வளர்ந்ததெல்லாம் ஷார்ஜா ரோலாவில், வாப்பாவின் துணிக்கடைக்கு மேலேயிருந்த பிளாட்டில். அவனிடம் ஒரே ஒரு பழக்கம் உண்டு. பெட்ரோல் பங்கிலோ பஸ் ஸ்டாண்டிலோ சாயம் போன யூனிபார்ம் போட்ட ஒருவன் கிட்டே வந்து, "அண்ணே, தமிழா?" என்று கேட்டால், "நோ பாய், மலபாரி" என்று மலையாளி போலச் சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவான்.

காரணமில்லாமல் இல்லை. ஒரு தடவை "ஆமா" என்று சொல்லித் தொலைத்தான். கேட்டவனுக்கு விசா கொடுத்த கபீலோடு தகராறு, பாஸ்போர்ட் கையில் இல்லை, அரபியும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. போலீஸ் ஸ்டேஷன், லேபர் ஆபீஸ், கான்சுலேட் என்று ரிபாய் மொழிபெயர்த்துக்கொண்டே அலைந்ததில் சொந்த வேலை நாறிப்போனது. அன்றைக்கு எடுத்த முடிவு இது. இன்னொரு காரணமும் இருந்தது. காரில் பக்கத்தில் மகள் நஜீஹா பிரிட்டிஷ் ஸ்கூல் டையோடு உட்கார்ந்திருக்கும்போது, கண்ணாடியைத் தட்டுகிறவனும் தானும் ஒரே பாஷைக்காரர்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமே என்றிருந்தது. இந்த இரண்டாவது காரணத்தை அவன் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்காததும் அதனால்தான்.

ஆகஸ்ட் மாதத்து மதியம் ஒன்றில் அவன் கோர் சல்மா பழைய ஆஸ்பத்திரியின் முன்னால் வண்டியை நிறுத்தினான்.

கோர் சல்மா மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் சின்ன ஊர். ரோடு வருவதற்கு முன்பே அங்கே ஆஸ்பத்திரி வந்துவிட்டது. முதலில் ஈச்ச ஓலை வேய்ந்த இரண்டு அறை. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர். நோயாளிகள் படகில் வந்து இறங்குவார்கள். பிறகு எண்ணெய்ப் பணம் வந்தது. கடலைப் பார்த்தபடி நீளமாக, வெள்ளையாக, அரசாங்கம் ஒரு கட்டிடம் எழுப்பியது. ஊரில் பாதிப் பேர் பிறந்தது அதில்தான். மீன்காரன், ஒட்டகக்காரன், போலீஸ்காரன் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்ட இடம். இப்போது ஹைவே ஓரமாகப் புது ஆஸ்பத்திரி எழும்பிவிட்டதால், பழையதை அதன் வரலாறு சொல்லும் காட்சிக்கூடமாக மாற்றுவதென்று நகராட்சி முடிவு செய்திருந்தது.

அந்த வேலை ரிபாயின் சின்னக் கம்பெனிக்குக் கிடைத்தது. சொந்தமாகத் தொடங்கிய பிறகு கிடைத்த முதல் பெரிய காண்டிராக்ட். இதை ஒழுங்காக முடித்தால் நிமிர்ந்துவிடலாம். சொதப்பினால் மறுபடி யாரிடமாவது சம்பளத்துக்குப் போய் நிற்க வேண்டும். அவனும் உயிரைக் கொடுத்து யோசித்திருந்தான். சுவர் முழுக்கப் பழைய போட்டோக்கள். வார்டுக்கு வார்டு பழைய காலத்து டெலிபோன்கள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் ஆஸ்பத்திரியின் வரலாற்றை அரபியிலும் ஆங்கிலத்திலும் ஒரு குரல் சொல்லும். மொத்தத்துக்கும் அவனே ஒரு பெயர் வைத்திருந்தான்: எல்லோருக்கும் திறந்த கதவு. நகராட்சிக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

வாசலில் இருந்த நேபாளி செக்யூரிட்டி சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் நிழலுக்குத் திரும்பிப் போனான். வெளியே வெயில் கண்ணை அடித்தது. உள்ளே நுழைந்ததும் கண் இருட்டியது. வராந்தா நீண்டு கிடந்தது. டெட்டால் வாசனையும் உப்புக்காற்றில் ஊறிய சுவரின் வாசனையும் கலந்து வந்தன. கடல் பக்கத்து ஜன்னல்களில் பலகை அறைந்திருந்தார்கள். அலைச் சத்தம் மட்டும் எங்கோ சுவருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

ஆண்கள் வார்டின் சுவரை அளக்க வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மேலே மின்விசிறி டக், டக் என்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நல்லவேளை, காற்றாவது வருகிறதே என்று நினைத்துக்கொண்டான்.

"பாய் சாப்."

திரும்பினான். வார்டின் கடைசியில், பச்சைத் திரை போட்ட கட்டிலின் பக்கத்தில், ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். வெள்ளை யூனிபார்ம், தலையில் வெள்ளைத் தொப்பி. களைத்த முகம். வேலை செய்கிற ஆட்களில் எவனுக்கோ வெயில் தாக்கியிருக்கும், புது ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள் போல என்றுதான் ரிபாய் நினைத்தான்.

"தமிழ் ஆத்மி?" என்று கேட்டாள். "ஏக் பேஷன்ட் ஹே. கோயி நஹி சமஜ்தா." தமிழ் ஆளா, ஒரு நோயாளி இருக்கிறான், அவன் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்றாள்.

யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நோ சிஸ்டர். மலபாரி."

அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பதிலை எதிர்பார்த்திருந்தவள் மாதிரி இருந்தது.

திரைக்குள் யாரோ புரண்டார்கள். கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஒரு குரல் வந்தது. தொண்டையில் சேறு அடைத்திருப்பதுபோன்ற குரல்.

"அண்ணே... தமிழா?"

ரிபாய் டேப்பைச் சுருட்டினான்.

"அண்ணே, போகாதீகண்ணே. நான் சொல்றத மட்டும் அந்தம்மாகிட்ட சொல்லிருங்க. லாண்டரிக்குப் பின்னால டேங்கு. உள்ள இன்னொருத்தன் கெடக்கான். ஜெயசீலன். உசுரு இருக்குண்ணே. மேல மூடி போடப் போறாய்ங்க."

அத்தனையும் புரிந்தது. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. நர்ஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது போய், எனக்குத் தமிழ் தெரியும் என்று எப்படிச் சொல்வது? ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இல்லை என்று சொன்ன வாய். கூச்சம் காது வரை சுட்டது. கூட வேலை பார்க்கிறவன் எவனாவது வந்து கேட்டுக்கொள்வான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

வராந்தா முடியும் வரை அந்தக் குரல் கூடவே வந்தது. கெஞ்சவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

வாசலுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. செக்யூரிட்டியிடம் ஹிந்தியில், உள்ளே ஒருவன் முடியாமல் கிடக்கிறான், டேங்க் கீங்க் என்று என்னவோ சொல்கிறான் போல, போர்மேனைக் கூப்பிடு என்றான்.

செக்யூரிட்டி அவனை ஒரு மாதிரி பார்த்தான். "உள்ளே யார் சாப்? சைட்டில் இன்றைக்கு யாருமே இல்லை. மதிய வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று எல்லோரும் கேம்புக்குப் போய்விட்டார்கள். சாவி உங்கள் கையில்தானே இருக்கிறது?"

"நர்ஸ் இருக்கிறாள். பேன் ஓடுகிறது."

"கரண்ட் வெட்டி மாசக்கணக்காகிறது சாப்."

இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். ஆண்கள் வார்டு வெறுமையாக இருந்தது. கட்டில் இல்லை. திரை இல்லை, திரை தொங்கிய கம்பி மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. மேலே மின்விசிறி இருந்த இடத்தில் ஒரு கொக்கி.

டெட்டால் வாசனைக்கு நடுவே வேறொரு நாற்றம் வந்தது. நாள்பட்ட தண்ணீரின் நாற்றம்.

கதவின் உட்பக்கத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு கை பதிந்திருந்தது. கறுப்புச் சேறு. ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. தவழ்ந்து வந்தவன் எழுந்திருக்கப் பிடித்ததுபோல.

ரிபாய் தொட்டுப் பார்த்தான்.

ஈரம்.

அன்றைக்கு ஷார்ஜா திரும்பும் வழி முழுக்க அவன் ரேடியோவை அலற விட்டுக்கொண்டு வந்தான். வெயிலில் மூளை குழம்பியிருக்கும் என்று மனைவி ருமைஸா மோர் கரைத்துக் கொடுத்தாள். குடித்தான். ஆனால் ஜெயசீலன் என்ற பெயர் மண்டையை விட்டு இறங்கவில்லை. எங்கேயும் படித்ததில்லை, யாரும் சொன்னதில்லை. கனவு என்றால் பெயரோடு இடத்தோடு வருமா?

ஆஸ்பத்திரி வரலாற்றுக்காகப் பேட்டி எடுக்க வேண்டியவர்களில் ராதா சிஸ்டர் ஒருத்தி. நாகர்கோவில்காரி. கோர் சல்மா ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்த முதல் தமிழ் நர்ஸ். ரிட்டயர் ஆன பிறகு மகனோடு ரோலாவில் இருந்தாள். வேறு யாரையும் பார்க்காமல் மறுநாள் காலையிலேயே அவள் வீட்டுப் படி ஏறினான் ரிபாய்.

பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். பழைய டாக்டர்களைப் பற்றிச் சொன்னாள், ஜெனரேட்டர் நின்றுபோன நாளில் டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்ததைச் சொல்லிச் சிரித்தாள். ரிபாய் ரெக்கார்டரை ஓட விட்டுவிட்டு, வேறெதையோ கேட்பதுபோல், "ஆண்கள் வார்டுல ஏதாவது விசேஷம் உண்டா சிஸ்டர்?" என்றான்.

அவள் சிரிப்பு அடங்கியது.

"நான் அங்க வந்ததே அந்த வார்டுல செத்த ஒருத்தனாலயாக்கும் தம்பி," என்றாள். "அப்போ அங்க ஒரு வழக்கம் உண்டு. பாஷை புரியாத பேஷன்ட் வந்தா நர்ஸ் வராந்தால நின்னு கூப்பிடும். பெங்காலி உண்டா, பஷ்தூ உண்டா, தமிழ் உண்டான்னு. விசிட்டிங் டைம்ல வாறவங்கள்ல யாராவது ஒருத்தன் கையத் தூக்குவான். வந்து பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுப்பான். அவனுக்கு யாருன்னே தெரியாத ஆளா இருக்கும். ஆனாலும் வருவான். அப்படித்தான் ஆஸ்பத்திரி ஓடுச்சு."

"அப்புறம்?"

"சோலைமுத்துன்னு ஒருத்தன். சிவகங்கப் பக்கம். மேலெல்லாம் சகதியோட கடலோரத்துல மயங்கிக் கெடந்தவனத் தூக்கிட்டு வந்தாவ. கோர்ல, அந்தக் கடல் கழில, விழுந்து கரை ஏறியிருப்பான்னு நெனச்சிருக்காவ. முழிப்பு வந்ததும் பேச ஆரம்பிச்சவன் நிறுத்தல. யாருக்கும் புரியல. நர்ஸ் வராந்தால நின்னு தமிழ் உண்டா, தமிழ் உண்டான்னு கூப்பிட்டிருக்கா. அன்னைக்கு ஒருத்தன் இருந்தான். வெள்ளச் சட்ட, கையில பிளாஸ்கு. அவன் தமிழன்தான்னு பலருக்கும் தெரியும். 'எனக்குத் தெரியாது சிஸ்டர்'னு சொல்லிட்டுப் போயிட்டான்."

ரிபாய் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அவன் செத்ததுக்குப் பொறவு பெரிய டாக்டருக்கு மனசு ஆறல. இனி இந்த ஆஸ்பத்திரில ஒரு தமிழ் நர்ஸாவது வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கினார். அப்படி வந்தவ நான்."

"அவன் என்ன சொன்னான்னு...?"

"ஆருக்குத் தெரியும்? தண்ணி கேட்டிருப்பான், அம்மையக் கூப்பிட்டிருப்பான்." அவள் பெருமூச்சு விட்டாள். "அவன்கூட ரூம்ல இருந்தவன் ஒருத்தன் உண்டு, ஜெயசீலன்னு. அன்னைக்கே ஆளக் காணல. இவன அடிச்சுக் கடல்ல தள்ளிட்டு ஓடிட்டான்னு, ஆஸ்பத்திரில பைப் வேலைக்கு அவங்களக் கொண்டுவந்த கம்பெனி எழுதிக் கொடுத்துட்டுது. ஓடிப்போனவன்னு பேரு. அவன் பொண்டாட்டி பானுமதி இன்னைக்கும் எனக்கு போன் பண்ணும். 'எங்கயாவது இன்னொருத்திகூட இருந்தாலும் பரவால்ல சிஸ்டர், இருக்காருன்னு தெரிஞ்சா போதும்'னு கேக்கும். நான் என்ன சொல்ல?"

ரிபாய்க்கு வார்டில் கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. லாண்டரிக்குப் பின்னால் டேங்கு. உள்ளே இன்னொருத்தன். அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாதது அவனுக்கு மட்டும் தெரியும்.

ராதா குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லுவேன், பயப்படப்பிடாது. அந்த வார்டுல அவன் இப்பவும் கேப்பான்னு சொல்லுவாவ. தமிழான்னு. நான் எத்தன வருஷம் அங்க டூட்டி பாத்தேன், எனக்கு ஒருநாளும் கேட்டதில்ல. கேட்டா ஆமான்னு சொல்லி, என்ன மக்கா வேணும்னு கேட்டிருப்பேனே. லேப்ல ஒரு பையன் இருந்தான், மெட்ராஸ்காரன், தமிழன்னு வெளிய சொல்லமாட்டான். அவனுக்குக் கேட்டுது. வேலைய விட்டுட்டே போயிட்டான். இல்லைன்னு சொல்றவங்க காதுலதான் அது விழும் போல."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"உனக்குக் கேட்டுதா தம்பி?"

சொல்லிவிட வேண்டிய இடம் இதுதான். சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கேட்டது என்று சொன்னால், இல்லை என்று சொன்னவன் நான் என்பதும் சேர்ந்தல்லவா வெளியே வரும்? மகன் வயசுக்காரன் வீடு தேடி வந்தானே என்று முறுக்குத் தட்டை முன்னால் நகர்த்தி வைத்த பெண்ணின் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

"இல்ல சிஸ்டர்," என்றான். "சும்மா ஹிஸ்டரிக்காகக் கேட்டேன்."

கீழே இறங்கி வரும்போது தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

வார விடுமுறை முழுக்க யோசித்தான். லாண்டரிக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் காட்சிக்கூடத்துக்காக நீரூற்று ஒன்று அமைப்பதாகத் திட்டம். தரையடியில் ஏதோ பழைய தொட்டி இருக்கிறது என்று இன்ஜினியர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் மேலே கான்கிரீட் ஊற்றிவிடப் போகிறார்கள். திங்கட்கிழமை காலை ஊற்றுவதாக ஏற்பாடு. அதற்கு முன் சொல்லிவிட வேண்டும். சொன்னால் போலீஸ் வரும், வேலை நிற்கும், திறப்பு விழா தள்ளிப் போகும், காண்டிராக்ட் என்ன ஆகுமோ. போகட்டும் என்று திங்கட்கிழமை காலை கிளம்பினான். பானுமதியின் பெயரை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான், மறந்துவிடக் கூடாதே என்று.

முற்றத்தில் கான்கிரீட் லாரி உறுமிக்கொண்டிருந்தது. எகிப்துக்கார இன்ஜினியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரிபாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நகராட்சித் தலைவர் உன் வேலையைப் புகழ்ந்தார், அடுத்த ஊர் மியூசியத்தையும் உனக்கே கொடுப்பார் போல என்றார். ரிபாய் சிரித்து வைத்தான். இதோ, இப்போது சொல்லிவிடுகிறேன் என்று வாயைத் திறந்தான்.

அப்போது குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவன் அதை விட்டுவிட்டு அவர்களை நோக்கி வந்தான். நரைத்த மீசை. முகத்தில் பீதி. நேராக ரிபாயைத்தான் பார்த்தான்.

"அண்ணே, தமிழா?"

ரிபாய் பதில் சொல்வதற்குள் அவன் தொடர்ந்தான்.

"இந்த மூடிக்குக் கீழ யாரோ தட்டுற மாதிரி இருக்குண்ணே. காலுக்கு அடியில தெரியுது. போர்மேன்கிட்ட சொல்ல எனக்கு ஹிந்தி வரல. நீங்க கொஞ்சம் சொல்லுங்கண்ணே. கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க."

லாரியின் உறுமலுக்குள் ரிபாய்க்கும் அது கேட்டது.

டொக்.

தரையின் கீழிருந்து.

டொக். டொக்.

"என்ன சொல்கிறான்?" என்று இன்ஜினியர் ஆங்கிலத்தில் கேட்டார். "உனக்குப் புரிகிறதா?"

என்ன ஆயிற்று என்று ரிபாயால் பிற்பாடு யாருக்கும் விளக்க முடியவில்லை. சொல்லத்தான் வந்தான். சத்தியமாகச் சொல்லத்தான் வந்தான். ஆனால் அந்த அழுக்கு யூனிபார்ம், அந்தக் கேள்வி, பக்கத்தில் கோட்டுப் போட்ட ஆள். இத்தனை வருஷம் பழக்கிய நாக்கு அவனை முந்திக்கொண்டது.

"தெரியவில்லை சார்," என்றான். "இது வேறு ஏதோ மொழி."

நரைத்த மீசைக்காரன் அவனைப் பார்த்தான். திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினான், அந்த நர்ஸ் ஆட்டியதுபோலவே.

"யல்லா, யல்லா!" என்று இன்ஜினியர் கையைத் தட்டினார். கான்கிரீட் விழத் தொடங்கியது. ரிபாய் அங்கேயே நின்றான். தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அதற்குப் பிறகாவது போய்ச் சொல்லியிருக்கலாம். கான்கிரீட்டை உடைக்க முடியாதா என்ன? ஆனால் சொல்லாத ஒவ்வொரு நாளும் சொல்வதை இன்னும் கடினமாக்கியது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றல்லவா முதலில் கேட்பார்கள்? விழா முடியட்டும் என்றான். பிறகு சொல்லலாம் என்றான். வெள்ளிக்கிழமை உம்மாவுக்குப் போன் செய்யும்போதுகூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல், சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.

குளிர்காலம் வந்ததும் காட்சிக்கூடம் திறந்தது. சாயங்காலம், கடற்காற்று, விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைக் கட்டிடம் புத்தம் புதிதாக நின்றது. அரபு நகராட்சிக்காரர்கள், பழைய டாக்டர்கள், அங்கே பிறந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ராதா சிஸ்டர். தலைவர் ரிபாயைத் தோளில் தட்டி, எல்லோருக்கும் திறந்த கதவு, எவ்வளவு அழகான பெயர் என்றார். ரிபாய் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ருமைஸா நீரூற்றின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். நஜீஹா ஆண்கள் வார்டுக்குள் ஒவ்வொரு டெலிபோனாக எடுத்துக் காதில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கடைசி டெலிபோன், பச்சைத் திரை இருந்த இடத்தில் இருந்தது. ரிசீவரை எடுத்தவள் புருவத்தைச் சுருக்கினாள். யாருக்கோ பதில் சொல்வதுபோல் ஆங்கிலத்தில், "நோ, ஸாரி" என்றாள்.

ரிபாய் வேகமாக அவளிடம் வந்தான். "யார்கிட்ட பேசுற?"

"ஒரு அங்கிள்," என்றாள் நஜீஹா, ஆங்கிலத்திலேயே. "தமிழா, தமிழா என்று கேட்கிறார். இல்லை என்று சொன்னேன். நீங்கள் அப்படித்தானே எப்போதும் சொல்வீர்கள்? இப்போது அவர் அழுகிறார் வாப்பா."

ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தான்.

"ஆமா!" என்று கத்தினான். வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் கவலைப்படவில்லை. "ஆமா, தமிழ்தான்! நான் தமிழன்தான்! சொல்லு, நான் கேக்குறேன், எல்லார்கிட்டயும் சொல்றேன், சொல்லு!"

ரிசீவரில் அவனே ஏற்பாடு செய்த இனிமையான அரபிக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது, இந்த ஆஸ்பத்திரியின் கதவு யாருக்கும் மூடியதில்லை என்று.

கூட்டம் விலகி வழிவிட, ராதா சிஸ்டர் மெதுவாக எழுந்து வார்டுக்குள் வந்தாள். அவன் முன்னால் நின்றாள்.

"அப்போ உனக்குக் கேட்டிருக்கு," என்றாள்.

ரிபாய் பொது இடம் என்று பாராமல் அழுதான். "ஜெயசீலன் ஓடிப்போகல சிஸ்டர். இங்கதான் இருக்காரு. அந்த நீரூத்துக்கு அடியில, டேங்குக்குள்ள. அதைத்தான் சோலைமுத்து சொல்லிச் சொல்லிச் செத்திருக்காரு. எனக்கு ஆகஸ்ட்லயே தெரியும். கான்கிரீட் ஊத்தும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். தட்டுனதும் கேட்டுச்சு." அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. "பானுமதிகிட்ட சொல்லிருங்க."

ராதா கையை ஓங்குவாள் என்று நினைத்தான். ஓங்கினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் ஜன்னல் வழியே நீரூற்றைத் திரும்பிப் பார்த்தபடி நின்றாள். "அதை நீதான் சொல்லணும்," என்றாள். "உனக்குத்தான் அந்தப் பாஷை தெரியுமே." பையிலிருந்து போனை எடுத்து, நம்பரைத் தேடி, அவன் கையில் வைத்தாள்.

அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண்குரல், "சிஸ்டர்? சொல்லுங்க சிஸ்டர்," என்றது, மூச்சு வாங்க.

ரிபாய் பேச வாயைத் திறந்தான். அந்தச் சமயத்தில் நஜீஹா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் நழுவவிட்ட ரிசீவர் மறுபடியும் அவள் காதில் இருந்தது. அதைப் பிடித்திருந்த விரல்களில் கறுப்பாக, ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தது.

"வாப்பா," என்றாள், கிசுகிசுப்பாக. "இப்போது இரண்டு பேர் கேட்கிறார்கள்."